சூளைக்குச் சென்ற ஓவியம்



எங்கள் ஊர்க் கடைத்தெருவில், 1970-களின் பிற்பகுதியில், தட்டெழுத்துப் பயிலகம் ஒன்று இருந்தது. பள்ளி இறுதித் தேர்வை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் இளைஞர்கள் அங்குச் சேர்வது வழக்கம். காலையில் தட்டெழுத்து, மாலையில் சுருக்கெழுத்து. நானும் சேர்ந்தேன். தட்டெழுத்தில் தேறினேன், சுருக்கெழுத்தில் தோற்றேன். மெல்லிய கோடு ஓர் ஒலி, அதே கோட்டை அழுத்தி இழுத்தால் மற்றோர் ஒலி என்று ஆசிரியர் சொல்லுவார். என் கைக்கோ எல்லாக் கோடுகளும் ஒரே கனமாகத்தான் வந்தன. சுருக்கெழுத்து என்னை விட்டுப் போயிற்று. ஆனால் அப் புத்தகத்தின் அட்டையில் இருந்த பிட்மன் என்னும் பெயர் போகவில்லை.

நாற்பது ஆண்டுகள் கழித்து, ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பீங்கானில் ஓவியம் தீட்டும் கலையின் வரலாற்றைப் படிக்கலானேன். அங்கே அதே பெயர் என்னை எதிர்கொண்டது. முதலில் அச்சுப் பிழை என்றே நினைத்தேன். சுருக்கெழுத்துக்கும் பீங்கான் கோப்பைக்கும் என்ன தொடர்பு? தொடர்பு இருந்தது. 1837-ஆம் ஆண்டில் சுருக்கெழுத்து முறையை வெளியிட்டவர் ஐசக் பிட்மன். அவருடைய தம்பி பென் பிட்மன். அண்ணனின் சுருக்கெழுத்தை அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்று பரப்பியவர் இத் தம்பியே. ஆபிரகாம் லிங்கன் கொலைச் சதியில் ஈடுபட்டோர்மீது 1865-இல் நடந்த இராணுவ விசாரணையைச் சுருக்கெழுத்தில் பதிவு செய்யும் பொறுப்பும் அவரிடமே இருந்தது. ஓகையோ ஆற்றங்கரையிலுள்ள சின்சினாட்டி நகரில் அவர் குடியேறினார். பிற்காலத்தில் அந்நகரின் ஓவியப் பள்ளியில் மரச்சிற்ப வேலையைக் கற்பித்தார். அந்தப் பென் பிட்மன் 1874-ஆம் ஆண்டு கோடையில் நகரத்துப் பெண்கள் சிலரைக் கூட்டி, வெள்ளைப் பீங்கானில் வண்ணம் தீட்ட ஒரு வகுப்புத் தொடங்கினார். ஓய்வுப் பொழுதைக் கழிப்பதற்காகத் தொடங்கிய அச் சிறு வகுப்பிலிருந்து என்னென்ன விளைந்தன என்பதையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

கதைக்குள் நுழையுமுன், பீங்கானைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். பீங்கான் என்னும் சொல் நமக்குப் பாரசீகத்திலிருந்து வந்தது; பொருளோ சீனத்திலிருந்து வந்தது. நம் வீடுகளில் ஊறுகாய் வைத்திருக்கும் ஜாடியையும் நாம் பீங்கான் என்றே சொல்லுகிறோம். ஆனால் உண்மைப் பீங்கான் வேறு. கயோலின் என்னும் வெண்களிமண்ணையும் உருகும் இயல்புடைய ஒரு பாறைத் தூளையும் சேர்த்து, ஏறத்தாழ 1,300 அல்லது 1,400 பாகை வெப்பத்தில் சுட்டெடுத்தால்தான் அது கிடைக்கும். மெல்லிய கோப்பையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவித் தெரியும். விரலால் சுண்டினால் மணிபோல ஒலிக்கும்.

ஐரோப்பியர் இந்த மறைபொருளை அறிய நெடுங்காலம் தவித்தனர். இறுதியில் சாக்சனி நாட்டு மன்னர் அகஸ்டஸ், பொன் செய்து தருவதாகச் சொன்ன பட்கர் என்னும் இளைஞரைப் பிடித்துக் காவலில் வைத்தார். பொன் வரவில்லை, 1708-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பீங்கான் வந்தது. 1710-இல் மைசன் என்னும் ஊரின் கோட்டைக்குள்ளேயே தொழிற்சாலை அமைந்தது. மறையை அறிந்தவர் வெளியே போய்விடக்கூடாது என்பதே கோட்டையைத் தேர்ந்ததன் நோக்கம். ஆனால் மறை எப்பொழுதுமே ஒரு துவாரம் தேடிக்கொண்டுதான் இருக்கும். மைசனிலிருந்து வெற்றுப் பீங்கான் விற்பனைக்குப் போயிற்று. ஆக்சுபர்க்கு முதலிய நகரங்களில் கைவினைஞர் சிலர் அவற்றை வாங்கி, தம் வீட்டிலேயே வண்ணம் தீட்டிச் சிறு சூளைகளில் சுட்டு விற்றனர். செருமானிய மொழியில் இவர்களை ‘வீட்டு ஓவியர்’ என்று அழைத்தனர். தொழிற்சாலைக்கு இவர்கள்மீது பெருஞ்சினம்; வெற்றுப் பீங்கான் விற்பனையையே குறைத்துப் பார்த்தது. ஆயினும் ஒன்று அன்றே தெளிவாகிவிட்டது. பீங்கானைச் செய்வதற்குத்தான் கோட்டையும் பெருஞ்சூளையும் வேண்டும். பீங்கானில் தீட்டுவதற்கு ஒரு மேசையும் சன்னலும் போதும்.

ஏனெனில், மெருகு ஏறிச் சுட்டு முடிந்த பீங்கானின் மேல் வண்ணம் தீட்டி, மறுபடியும் 750 முதல் 850 பாகை வரையில் சுட்டால் போதுமானது. அந்த வெப்பத்தில் மெருகின் மேற்பரப்புச் சற்றே இளகும். வண்ணத்தில் கலந்துள்ள கண்ணாடித் தூள் உருகி அதனோடு ஒட்டிக்கொள்ளும். இதனை மெருகின்மேல் தீட்டுதல் என்பர். மெருகு பூசுவதற்கு முன்பே தீட்டி, அதன்மேல் மெருகிட்டுப் பெருவெப்பத்தில் சுடுவது மெருகின்கீழ்த் தீட்டுதல். முன்னது எளிது, பின்னது கடினம். பெருவெப்பத்தைத் தாங்கும் வண்ணங்கள் மிகச் சிலவே. நீலம் தரும் கோபால்ட்டு அவற்றுள் தலையாயது.

இவ் வண்ணங்கள் செடிகொடிகளிலிருந்து வருபவை அல்ல, உலோகங்களிலிருந்து வருபவை. இரும்பு சிவப்பையும் பழுப்பையும் தரும். செம்பு பச்சையைத் தரும். ரோசா நிறத்தைத் தருவது எது தெரியுமா? பொன்! பொன் கலந்த ரோசா வண்ணம் தீட்டும்போது மங்கிய ஊதாபோல் தோன்றும்; சூளையிலிருந்து வெளிவரும்போதுதான் மலரும். கோப்பையின் விளிம்பில் பூசும் பொற்குழம்போ, பூசும்போது கருப்பட்டிப் பாகுபோல் இருக்கும். ஆகவே பீங்கானில் தீட்டுபவர், கண்ணுக்குத் தெரியும் நிறத்தைக் கொண்டு தீட்டுவதில்லை. நாளை தெரியப்போகும் நிறத்தை மனத்தில் வைத்துத் தீட்டுகிறார்.

இதைப் புத்தகத்தில் படித்தறிந்தது போதாதென்று, நானும் ஒரு தட்டில் தீட்டிப் பார்த்தேன். கடையில் கிடைக்கும் சாதாரண வண்ணத்தைப் பூசினால் நான்கு முறை கழுவியதும் போய்விடும் என்பதால், கனிம வண்ணத்தூளை வருவித்து, எண்ணெயில் குழைத்து, ஒரு செம்பருத்திப் பூவை எழுதினேன். மட்பாண்டக் கலை பயிலும் இளைஞர் ஒருவர் தம் மின்சூளையில் வைத்துச் சுட்டுத் தந்தார். இலைகள் நன்றாகவே வந்தன. பூவைக் காணோம்! இரும்புச் சிவப்பை மெல்லியதாகப் பூசி, வெப்பத்தைச் சற்று அதிகமாக வைத்துவிட்டோம். தீ அதனை உண்டுவிட்டது. தடித்துப் பூசிய மகரந்தப் பகுதியோ கொப்புளித்துச் செதிலாக உதிர்ந்தது. நாற்பது ஆண்டுகள் பிறர் விடைத்தாளைத் திருத்திய எனக்கு அந்தத் தட்டு தந்த மதிப்பெண் மிகக் குறைவே. தட்டு இன்னும் என் மேசைமேல் இருக்கிறது.

இனிக் கதைக்கு வருவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்தில் இக் கலை வசதியுள்ள வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்காயிற்று. மிண்டன் நிறுவனம் 1871-இல் இலண்டன் கென்சிங்டனில் பெண்கள் பீங்கானில் தீட்டுவதற்கெனக் கலைக்கூடம் ஒன்றைத் திறந்தது. 1875-இல் அது தீக்கிரையாயிற்று. 1876 முதல் ஓவல் சேம்சு என்னும் கடையார், தொழில்முறையாளர் அல்லாதார் தீட்டிய பீங்கானுக்கு ஆண்டுதோறும் பொருட்காட்சி நடத்தினர். ஆனால், இதே இங்கிலாந்தின் பீங்கான் ஆலைகளில் கூலிக்குத் தீட்டிய பெண்களின் நிலை என்ன? நுண்ணிய வேலை செய்யும்போது கை நடுங்காமலிருக்க ஓவியர் கையை ஊன்றிக்கொள்ளும் தாங்கி ஒன்று உண்டு. ஆண் ஓவியர்கள் அதனைப் பெண்கள் பயன்படுத்தலாகாது என்று தடுத்து வைத்திருந்தனர். தாங்கி இல்லாவிட்டால் நுண்வேலை வராது. நுண்வேலை வராவிட்டால் உயர்ந்த கூலியும் வராது. பொழுதுபோக்காகத் தீட்டிய பெருமாட்டிக்குப் பாராட்டும், பிழைப்புக்காகத் தீட்டிய பெண்ணுக்குத் தடையும் ஒரே நாட்டில் ஒரே காலத்தில் இருந்தன. இதனை நினைவில் வைத்துக்கொண்டால் சின்சினாட்டியில் நடந்தது நன்கு விளங்கும்.

சின்சினாட்டி அக்காலத்தில் கலைக்குப் பெயர் பெற்ற ஊர் அன்று. பன்றி இறைச்சியைப் பதப்படுத்தி அனுப்பும் தொழிலில் சிறந்திருந்ததனால் அதனைப் ‘பன்றிப் பட்டணம்’ என்றே கேலியாக அழைத்தனர். எனினும் ஊரில் செல்வம் இருந்தது. செருமானியக் குடியேறிகள் பலர் இருந்தனர். மட்பாண்டத் தொழிலும் இருந்தது. அங்கு அடுத்தடுத்திருந்த வீடுகளில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை உங்களைப் போன்ற மாணவர் அறிந்துகொள்ளுதல் நன்று. காரல் இலாங்கன்பெக்கு என்னும் சிறுவனுக்குச் செருமனியிலிருந்த உறவினர் பீங்கான் வண்ணப் பெட்டி ஒன்றை அனுப்பினார். அது 1873-ஆம் ஆண்டு. பையனுக்கு வயது பன்னிரண்டு அளவில் இருக்கும். அவன் தீட்டுவதைப் பார்த்த அண்டைவீட்டு அம்மையாருக்கும் ஆவல் பிறந்தது. அவனோடு அமர்ந்து தாமும் தீட்டினார். அந்த அம்மையார்தாம் மேரியா இலாங்கொர்த்து நிக்கல்சு. ஊரின் பெருஞ்செல்வர் குடும்பத்தில் பிறந்தவர். அந்தச் சிறுவனும் பிற்காலத்தில் மட்பாண்ட வேதியியலில் வல்லுநனாகி, 1895-இல் அத் துறையில் நூலொன்றும் எழுதினான்.

நம் கதையின் மற்றொரு தலைவி மேரி இலூயிசு மக்கிளாப்லின். பிறப்பு 1847. கட்டடக் கலைஞர் ஒருவரின் தங்கை. மணம் செய்துகொள்ளாதவர். பென் பிட்மன் கூட்டிய வகுப்பில் இவரும் சேர்ந்தார். வகுப்பில் தீட்டக் கற்பித்தவர் மேரியா எக்கர்சு என்னும் செருமானியப் பெண்மணி. அடுத்த ஆண்டே, அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டு விழாவில் பெண்கள் பகுதிக்குப் பணம் திரட்டுவதற்காகச் சின்சினாட்டியில் தேநீர் விருந்து நடந்தபோது, இம் மாணவியர் தீட்டிய கோப்பைகளும் தட்டுகளும் விலைபோயின. பயிலத் தொடங்கி ஓராண்டுகூட ஆகாதவர்களின் வேலை அது என்பதை மறவாதீர்கள்.

1876-இல் பிலடெல்பியாவில் நூற்றாண்டுப் பெருங்காட்சி நடைபெற்றது. பெண்கள் மண்டபத்தில் சின்சினாட்டிப் பெண்களின் பீங்கானும் இடம் பெற்றது. மக்கிளாப்லினும் நிக்கல்சும் அக் காட்சியைக் கண்டனர். ஒரே காட்சி, ஆனால் இருவர் கண்ணும் ஒன்றில் நிலைக்கவில்லை. நிக்கல்சு சப்பானிய மட்பாண்டங்களில் மயங்கினார். மக்கிளாப்லினோ பிரான்சு நாட்டு ஏவிலான் நிறுவனம் அனுப்பியிருந்த குடங்களின் முன் நின்றார். அக் குடங்களில் மலர்கள், எண்ணெய் வண்ணத்தில் எழுதிய படம்போல ஆழமும் நிழலும் கொண்டு மெருகின்கீழ்க் கிடந்தன. செய்தவர் முறையைச் சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் மக்கிளாப்லின் செய்த முதல் வேலை ஒரு நூல் எழுதியது. பீங்கானில் தீட்டுவது பற்றி, தம்மைப் போன்ற பயில்வோருக்காக 1877-இல் ஒரு கையேட்டை வெளியிட்டார். பயிலத் தொடங்கி மூன்றே ஆண்டுகள் ஆன ஒருவர் கையேடு எழுதுவதா என்று நான் முதலில் புருவத்தை நெரித்தேன். பிறகு எண்ணிப் பார்த்தபோது, தொடக்கக்காரன் எங்கே தடுக்கி விழுவான் என்பது, அண்மையில் தடுக்கி விழுந்தவருக்கே நன்றாகத் தெரியும் என்று தோன்றியது. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு இதனை யாரும் சொல்லித் தரவில்லை.

அதே ஆண்டின் பிற்பகுதியில் அவர் பிரெஞ்சுக் குடத்தின் மறையைத் தேடலானார். உள்ளூர்க் குயவுக்கூடம் ஒன்றில் இடம் பெற்றுச் சோதனை செய்தார். கனிம வண்ணத்தைக் களிமண் குழம்போடு கலந்து, இன்னும் சுடாத ஈரப் பாண்டத்தின் மேல், எண்ணெய் வண்ணத்தைப் போலத் தடிப்பாகத் தீட்டினார். பாண்டமும் குழம்பும் ஒரே வகை மண்ணாதலின் காயும்போது இரண்டும் ஒருங்கே சுருங்கும்; உரியாது. 1878 சனவரியில் வெற்றி கிட்டியது. அவருக்கு அப்பொழுது வயது முப்பது. ‘சின்சினாட்டிப் பாண்டம்’ என்ற பெயரில் அது பரவியது. அவ்வாண்டே பாரிசுப் பொருட்காட்சியில் அவருக்குச் சிறப்புக் குறிப்பும் கிடைத்தது.

1879-இல் மக்கிளாப்லின் பன்னிரு பெண்களைக் கொண்ட ‘சின்சினாட்டி மட்பாண்டக் கழகம்’ ஒன்றை அமைத்தார். நிக்கல்சுக்கும் அழைப்பு அனுப்பியதாகச் சொல்லுகிறார்கள். அது போய்ச் சேரவில்லை. தம்மைப் புறக்கணித்துவிட்டார்கள் என்று நிக்கல்சு கருதினார். பிறகு விளக்கம் சொல்லியும் அவர் கழகத்தில் சேரவில்லை. ஒரு கடிதம் தவறியதனால் ஒரு நகரத்தின் கலை வரலாறே இரு கிளையாகப் பிரிந்தது எனலாம். இருவரும் டல்லசு என்பாருடைய மட்பாண்டக் கூடத்திலேயே வேலை செய்தனர். அங்கு எழுப்பப்பட்ட இரு புதிய சூளைகளுள், மெருகின்கீழ் வேலைக்கான சூளைக்கு மக்கிளாப்லின் பணம் தந்தார்; மெருகின்மேல் வேலைக்கான சூளைக்கு நிக்கல்சு பணம் தந்தார். அந்நாளில் அக் கூடத்துக்குத் தம் வேலையைச் சுடக் கொண்டுவந்தோர் இருநூறு பேர் அளவில் இருந்தனர். ஏறக்குறைய எல்லாரும் பெண்களே.

போட்டியும் சுவையாகவே இருந்தது. மக்கிளாப்லின் 1880-இல் மூன்றடிக்கு மேற்பட்ட உயரமுள்ள சாடி ஒன்றைத் தீட்டி முடித்தார். திருடர் ஒளிந்திருந்த சாடியை நினைவூட்டியதனால் அதற்கு ‘அலிபாபா’ என்று பெயர். இன்று அது சின்சினாட்டிக் கலைக்கூடத்தில் இருக்கிறது. நிக்கல்சு சும்மா இருப்பாரா? அவரும் பெருஞ்சாடி ஒன்று செய்தார். அதன் பெயர் ‘அலாவுதீன்’!

அந்த 1880-ஆம் ஆண்டில் மூன்று காரியங்கள் நடந்தன. அவற்றைச் சற்று நிதானமாகக் காணுதல் வேண்டும்.

முதலாவது, மக்கிளாப்லின் தம் இரண்டாம் நூலை வெளியிட்டார். மெருகின்கீழ்த் தீட்டும் முறையை அதில் எல்லாரும் அறியுமாறு எழுதிவிட்டார். கோட்டைக்குள் ஆளைப் பூட்டி வைத்து மறையைக் காத்த மைசனை எண்ணிப் பாருங்கள். பிரெஞ்சு நிறுவனம் சொல்லாது வைத்ததை எண்ணிப் பாருங்கள். இவர் தாமாகத் தேடிக் கண்டதைச் சில வெள்ளிக் காசு விலையுள்ள புத்தகத்தில் வைத்துக் கொடுத்தார்.

இரண்டாவது, அதே முறைக்கு உரிமை தனக்கே என்று வீட்லி என்னும் மட்பாண்டக்காரர் காப்புரிமை பெற்றார். மக்கிளாப்லின் சோதனை செய்த அதே கூடத்தில் வேலை செய்தவர் அவர். நல்வேளையாக அவ்வுரிமை யாரையும் தடுக்கவில்லை. பிறர் தொடர்ந்து தீட்டியே வந்தனர். ஆயினும், கண்டவர் நூல் எழுதுகிறார், அடுத்திருந்தவர் காப்புரிமை எழுதுகிறார் என்னும் செய்தி என் மனத்தில் முள்போலத் தைத்தது.

மூன்றாவது, நிக்கல்சு சொந்தமாக மட்பாண்டக்கூடம் தொடங்கினார். டல்லசின் பெருஞ்சூளை வெப்பத்தில் கருநீலமும் கருமையும் தவிர மற்ற வண்ணங்கள் நிற்கவில்லை என்பது அவருடைய குறை. தந்தையார் ஏலத்தில் வாங்கியிருந்த பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்று சும்மா கிடந்தது. அதையே மகளுக்குக் கொடுத்தார். கரும்பலகை இருந்த இடத்தில் சூளை வந்தது என்று படித்தபோது, பள்ளிக்கூடத்துக்காரனாகிய எனக்குச் சிறிது வருத்தமும் சிறிது பெருமிதமும் உண்டாயின. தந்தையின் தோட்டவீட்டின் பெயரையே கூடத்துக்கும் வைத்தார்: உரூக்வுட்டு. அவ்வாண்டு நவம்பரில், நன்றி நவிலல் நாளன்று, முதல் சூளை திறக்கப்பட்டது.

உரூக்வுட்டு வளர்ந்தது. 1883-இல் வில்லியம் டெய்லர் என்பவர் அதன் நிருவாகியானார். கணக்கறிந்தவர், கண்டிப்பானவர். மக்கிளாப்லினின் கழகத்தார் அக் கட்டடத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து வேலை செய்து வந்தனர். டெய்லர் அவர்களை வெளியேற்றினார். பொழுதுபோக்குக்காரரின் பாண்டமும் கூடத்தின் பாண்டமும் கடைக்காரன் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றலாகாது என்பது அவர் எண்ணம். வணிகம் என்ற அளவில் அவர் செய்தது தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் கூடம் நாள்தோறும் விற்றுக்கொண்டிருந்தது களிமண் குழம்பில் தீட்டிய பாண்டத்தையே. அம் முறையை ஊருக்குத் தந்தவர் சூளையின்றித் தெருவில் நின்றார். மெருகின்கீழ்த் தீட்டுவதற்குப் பெருஞ்சூளை இன்றியமையாதது. அதனால் மக்கிளாப்லின் மீண்டும் மெருகின்மேல் தீட்டும் பழைய வேலைக்கே திரும்ப நேர்ந்தது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நடுநிலை தவறியவனாவேன். உரூக்வுட்டு பெண்களுக்குக் கூலியுடன் கூடிய கலைத்தொழிலைத் தந்தது. பொழுதுபோக்காகத் தொடங்கியவர் பலர் அங்குத் தொழில் வல்லுநராயினர். ஒவ்வொருவரும் தாம் தீட்டிய பாண்டத்தின் அடியில் தம் பெயரின் முதலெழுத்துகளைப் பொறிக்கலாம். பேரும் புகழும் முதலாளிக்கே உரியன என்றிருந்த காலத்தில் இது சிறு செய்தி அன்று. இலாரா பிரை என்னும் பெண்மணி, வண்ணக் குழம்பைத் தூவியால் ஊதிப் பூசும் உத்தியைக் கொண்டுவந்தார். கருமையிலிருந்து பொன்னிறத்துக்கு அலையின்றிச் செல்லும் பின்னணி அதனால்தான் வந்தது. 1887-இல் சப்பானிய ஓவியர் சிராயமதானி வந்து சேர்ந்தார். 1889-ஆம் ஆண்டுப் பாரிசுப் பொருட்காட்சியில் உரூக்வுட்டுக்குப் பொற்பதக்கம் கிடைத்தது. கூடத்தின் முத்திரையும் அழகியது. 1886-இல் இரண்டு எழுத்துகளை முதுகோடு முதுகாக இணைத்து முத்திரையாக்கினர். அடுத்த ஆண்டிலிருந்து ஆண்டுக்கு ஒரு தீச்சுடர் சேர்த்தனர். 1900-ஆம் ஆண்டுப் பாண்டத்தில் பதினான்கு சுடர்களை எண்ணலாம். கல்வெட்டில் ஆட்சியாண்டைத் தேடும் வரலாற்று மாணவர் இதனை விரும்புவர்.

இதற்கிடையே, வீடுகளில் தீட்டும் வழக்கம் அமெரிக்கா எங்கும் பரவியது. இலிமோசு முதலிய ஊர்களிலிருந்து வெற்றுப் பீங்கான் கப்பல் கப்பலாக வந்தது. 1889-இல் குடியரசுத் தலைவரான பெஞ்சமின் ஆரிசனின் மனைவி கரோலின், தம் பீங்கான் ஓவிய ஆசிரியரை வாசிங்டனுக்கே வரவழைத்து, வெள்ளை மாளிகையில் பெண்களுக்கு வகுப்பு நடத்தினார்; மாளிகைக்கெனச் சோளக் கதிரும் மஞ்சட் பூவும் அமைந்த தட்டுகளை வரைந்தார். 1899-இல் அடிலெய்டு உராபினோ என்னும் அம்மையார் பீங்கான் ஓவியருக்கென ஒரு மாத இதழ் தொடங்கினார். பிறர் செய்த பீங்கானில் தீட்டித் தீட்டி அலுத்த அவர், பிறகு தாமே பீங்கான் வனையக் கற்றார். 1910-இல் அவர் செதுக்கிய வண்டுச் சாடி ஒன்றுக்கு ஆயிரம் மணிநேரம் பிடித்தது.

காலம் மாறியது. அச்சிட்ட படத்தை ஈரத்தோடு ஒட்டிச் சுடும் முறை மலிவாகப் பரவியது. புதுமைக் கலைஞர்களோ கோப்பையில் ரோசாப்பூ எழுதுவதை மூதாட்டியர் பொழுதுபோக்கு என்று எள்ளினர். அந்த எள்ளலுக்கு விடை 1979-இல் வந்தது. சூடி சிக்காகோ என்னும் கலைஞர், வரலாற்றுப் பெண்டிர் முப்பத்தொன்பது பேருக்கு விருந்து மேசை அமைப்பதாக ஒரு பெரும்படைப்பைச் செய்தார். அதன் தட்டுகளுக்கு அவர் தேர்ந்த முறை, இந்தப் பீங்கான் ஓவிய முறையே. அதற்கென அவர் வீட்டுப் பெண்களிடம் போய் முறையாகக் கற்றார். இன்று அம்மேசை புரூக்ளின் அருங்காட்சியகத்தில் நிலையாக இடம் பெற்றுள்ளது.

இங்கு என் குற்றம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் தலைமையாசிரியனாயிருந்த பள்ளி ஒன்றில், பத்தாம் வகுப்பு மாணவியரின் ஓவியப் பாடவேளையை எடுத்துக் கணக்குக்குக் கொடுத்தேன். ஓவிய ஆசிரியை என் அறைக்கு வந்து, “ஐயா, வாரத்தில் ஒரு மணியாவது விட்டு வையுங்கள்” என்று கேட்டார். “ஓவியம் பொழுதுபோக்குத்தானே, அம்மா, தேர்வு முடிந்தபின் பார்க்கலாம்” என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. தேர்ச்சி விழுக்காடு உயர்ந்தது. மேலதிகாரிகள் என்னைப் பாராட்டினர். டெய்லர் கழகத்தாரை வெளியேற்றிய பக்கத்தைப் படித்தபோது, நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் வாசலில் உலாவினேன்.

மக்கிளாப்லின் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 1898-இல், தம் ஐம்பத்தோராம் வயதில், அவர் உண்மைப் பீங்கானையே செய்ய முற்பட்டார். கோட்டையும் மன்னனும் இல்லை. தம் வீட்டுக் கொல்லையில் ஒரு சூளை கட்டினார். புகை மிகுகிறதென்று அண்டை வீட்டார் முறையிட்டனர். சூளை வைத்ததெல்லாம் வெற்றியாகவில்லை. வெடித்தனவும் வளைந்தனவும் பல. மண்ணையும் மெருகையும் மாற்றி மாற்றிக் கலந்தார். இறுதியில், பால்போன்ற நிறத்தில், இதழ்களையும் தண்டுகளையும் மேற்பரப்பிலேயே செதுக்கிய சிறு குடங்கள் வெளிவந்தன. சின்சினாட்டியின் பழைய பெயர் இலொசாண்டிவில். ஆகவே அவற்றுக்கு ‘இலொசாண்டி’ என்று பெயர் சூட்டினார். மெருகின்மேல் தீட்டும் பூ எதுவும் அவற்றில் இல்லை.

1906-இல் அச் சூளையை அணைத்துவிட்டார். அதன்பின் எழுத்தில் ஈடுபட்டார். உலக வரலாற்றைச் சுருக்கி ஒரு நூலும் எழுதினார். 1939 சனவரியில், தொண்ணூற்றொன்று வயது நிறைந்தவராய், அதே சின்சினாட்டியில் காலமானார்.